முடியாத என்று மட்டும் படித்தவன்

‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று தொடங்கும் அறிவிப்பு எதையும் நான் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. மதுரையில் வாத்தியார் வேலை பார்த்த காலத்தில் வாரத்துக்கு ஒன்றாவது ஏதாவதொரு சுவரில் ஒட்டியிருக்கும். தவிர்க்க முடியாத காரணங்களால் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. தவிர்க்க முடியாத காரணங்களால் தலைமை வகிப்பவர் மாறியிருக்கிறார். போய் விசாரித்தால், பேச வந்தவருக்கு முந்தின நாள் விருந்தில் வயிறு கெட்டிருக்கும். அல்லது முதல் மாலை யார் கழுத்துக்கு என்பதில் இரண்டு பெரிய மனிதர்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். நாலாவது லட்டைத் தவிர்த்திருக்கலாம். மாலையையும் தவிர்த்திருக்கலாம்.

இது இங்கிலீஷிலிருந்து வந்து நம்மிடம் ஒட்டிக்கொண்ட தொடர். இனெவிட்டபிள் என்று ஒரு சொல். அதற்கு நேர்மையான வேலை மிகக் கொஞ்சம். நாளைக் காலை வெயில் வருவது இனெவிட்டபிள். பிறந்தவன் சாவது இனெவிட்டபிள். யார் குறுக்கே விழுந்து படுத்தாலும் நடந்தே தீருவதற்கு மட்டும் சொல்ல வேண்டிய சொல் அது. அதற்குப் பக்கத்து வீட்டில் அன்அவாய்டபிள் என்று ஒன்று இருக்கிறது. ஒதுங்கப் பார்த்தேன், ஒதுங்க இடமில்லை என்று சொல்வதற்கானது. உண்மையாகவே ஒதுங்கப் பார்த்தவனுக்குத்தான் அதைச் சொல்ல உரிமை. நம் படித்தவர்கள் ஒதுங்கியும் பார்ப்பதில்லை, இரண்டு சொல்லுக்கும் வித்தியாசமும் பார்ப்பதில்லை. இன்னொன்று, இனெவிட்டபிள் என்பது வரப்போவதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல். இதை முன்கூட்டிச் சொன்ன ஒருவனையாவது நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகு திரும்பி நின்று சொல்வார்கள். சாப்பிட்டு முடித்தவன் கைதுடைக்கத் துண்டு தேடுகிற மாதிரி இந்தச் சொல்லைத் தேடுவார்கள்.

முப்பது வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தினேன். இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிற நான் அந்தச் சொல்லை முதன்முதலில் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன்.

முப்பதுகளின் தொடக்கம். நான் மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, ஊரில் உட்கார்ந்திருந்தேன். திருமங்கலத்துக்கு மேற்கே நாலு மைல் தள்ளிய கரிசல் ஊர். ஊரில் வேறு பி.ஏ. கிடையாது, சுற்றுவட்டாரத்திலும் கிடையாது. அதனால் ஊருக்கு நான் ‘பி.ஏ. மாப்ள’. அதைக் கேட்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள். உள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் பி.ஏ. எப்படிப்பட்டது என்று நான்தான் சொல்ல வேண்டும். இங்கிலீஷை நான் படிக்கவில்லை, உருப்போட்டேன். ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ். தங்கியிருந்த வீட்டின் பின்வாசலில் விடியற்காலையில் நடந்துகொண்டே ராகம் போட்டுச் சொல்வேன். இன்கியூரபிள், குணப்படுத்த முடியாத. இன்கிரெடிபிள், நம்ப முடியாத. இனெவிட்டபிள், தவிர்க்க முடியாத. இன்டாலரபிள், பொறுக்க முடியாத. இன்விசிபிள், காண முடியாத. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எல்லா வரியும் ‘முடியாத’ என்று வந்து இறங்கும். ராகம் அந்த இடத்தில்தான் நிற்கும். பரீட்சை முடிந்த மறுமாதமே வரிகளின் முன்பாதி உதிரத் தொடங்கியது. பின்பாதி மட்டும் மண்டையில் தங்கியது. அதைத்தான் பட்டம் என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தோம்.

என் தாய்மாமன் மகன், என் மச்சான், என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் அவன் உழுத சால் மாதிரி நேர்க்கோடு நான் எந்த நோட்டிலும் கிழித்ததில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம். பருத்தி ஏற்றிய வண்டியை மேட்டில் தள்ளிவிடும்போது சக்கரம் அவன் இடது பாதத்தில் ஏறி இறங்கிவிட்டது. முதலில் பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் காட்டினார்கள். ஐந்தாம் நாள் பாதம் கறுத்து வாடை வந்தது. மாமா அவனை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, துணைக்கு அவன் மனைவியை விட்டுவிட்டு, பாதியில் நின்ற பருத்தி எடுப்பைப் பார்க்க ஊருக்குத் திரும்பினார்.

இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். திருமங்கலத்திலிருந்து தந்திச் சேவகன் சைக்கிளில் வந்தான். தந்தி என்றாலே சாவு என்று இருந்த காலம். மாமா களத்தில் நின்றிருந்தார். காகிதத்தைக் கையில் வாங்குவதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒரு கிழவர் வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடி வந்தார்.

“பிரிக்காதீக! பி.ஏ. மாப்ளயக் கூப்புடுங்க!”

என்னைக் கூட்டிப் போனார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த நேரத்திலும் பிடித்திருந்தது என்பதை எழுதிவிடுகிறேன். காகிதத்தைப் பிரித்தேன். ஆபரேஷன் இனெவிட்டபிள், ஃபாதர் ஸ்டார்ட் இம்மீடியட்லி. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தகப்பனார் உடனே புறப்பட்டு வரவும் என்று இன்றைக்குச் சொல்வேன். ஐந்து சொல். அதில் நாலு சொல் பள்ளிக்கூடப் பையனுக்கே தெரிந்தவை. மிச்சம் ஒன்றுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மனசுக்குள் ராகம் ஓடியது. இனெவிட்டபிள்... முடியாத. அதற்கு முன்னால் ஏதோ ஒன்று. என்ன அது? வரவில்லை. முப்பது கண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் வீடு அங்கிருந்து நாற்பது எட்டு. வீட்டில் தகரப் பெட்டி, பெட்டியில் அகராதி. ‘இருங்க, ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் பி.ஏ. படித்தவன் ஐந்து சொல் தந்திக்கு அகராதி பார்க்கப் போவதா? நாளைக்கு அந்தக் கிழவர் கடைத்தெருவில் என்ன சொல்வார்?

“என்ன மாப்ள போட்டிருக்கான்?” என்றார் மாமா.

“ஆபரேஷன் செய்ய முடியாதாம் மாமா. ஒங்கள ஒடனே வரச் சொல்றாக.”

மாமா கையிலிருந்த பருத்திச் சுளையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். கிழவர்தான் விளக்கம் சொன்னார்.

“கைய விரிச்சிட்டான். வந்து தூக்கிட்டுப் போன்னு சொல்றான். வேற என்ன?”

பெண்கள் அழத் தொடங்கினார்கள். நான் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என்னமோ உறுத்தியது. பெட்டியைத் திறந்து அகராதியைப் புரட்டினேன். சொல் உடனே கிடைத்தது. எந்தச் சொல்லும் தேடினால் உடனே கிடைத்துவிடும். அதுதான் அகராதியின் கொடுமை. தவிர்க்க முடியாத. நிச்சயமாக நேர வேண்டிய.

மணி நாலு ஆகியிருந்தது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு. நாலு மைல் நடக்க ஒன்றரை மணி நேரம் போதும். எட்டு மணிக்கு மாமா ஆஸ்பத்திரியில் இருப்பார். இந்தக் கணக்கை நான் அன்றைக்கே போட்டேன், பிற்பாடு போட்டதில்லை. ஆகவே தெரியாமல் செய்தது என்று சொல்ல எனக்கு நாலு மணி வரைக்கும்தான் உரிமை. அதற்கப்புறம் நடந்தது எல்லாம் தெரிந்து செய்தது.

மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் இரட்டைமாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் கொண்டுவர. மாமா வைக்கோலைத் தன் கையால் தட்டித் தட்டி மெத்தையாக்கிக்கொண்டிருந்தார். அடுத்த ஊரிலிருந்து வந்த ஒருவர், “சரியாத்தான் படிச்சீகளா? ஆரு படிச்சா?” என்று கேட்டார். மாமா நிமிர்ந்தார். அழுது வீங்கிய முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து போனது.

“எம் மருமகன்யா. பி.ஏ.”

அந்த இரண்டெழுத்தைக் கேட்டதும் என் வாய் கட்டிக்கொண்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். வாய் கட்டவில்லை. நன்றாகத் திறந்தது. வேறு எதையோ சொன்னது.

“மாமா, பஸ்ல போயிரலாமே. ராத்திரிக்குள்ள போயிரலாம்.”

“போயி?”

“சீக்கிரம் போனா நல்லதுதானே.”

“வாரப்ப? பொணத்த பஸ்ல ஏத்துவானா மாப்ள?” என்றார். “உசுரு இருக்கயிலயே வண்டியில போட்டுக் கொண்டாந்து வீட்டுல கெடத்தணும். விடிய வண்டி பூட்டுவோம்.”

இன்னும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. ‘மாமா, நான் தப்பாப் படிச்சிட்டேன்.’ நாலே சொல், தமிழ்ச் சொல், உருப்போடத் தேவையில்லாத சொல். நான் வைக்கோல் கட்டு ஒன்றைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு வந்தேன். போகத்தானே போகிறார்கள், டாக்டர் சொல்லிவிடுவார், அரை நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன்.

விடிகாலையில் நானும் கூடப் புறப்பட்டு, பதினேழு மைல் மாட்டு வண்டியில் போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் மனைவி ஓடி வந்தாள். பதினெட்டு வயசு இருக்கும். காலை எடுக்கச் சம்மதம் என்று கைநாட்டு வைக்கச் சொல்லி நேற்றுக் காலையிலிருந்து அவளைக் கேட்டிருக்கிறார்கள். மச்சான் காய்ச்சலில் ‘வெட்டாதீக, வெட்டாதீக’ என்று கத்தியிருக்கிறான். அவள் பயந்துபோய், மாமா வரட்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதனால்தான் தந்தி.

டாக்டர் வந்தார். வெளியே நின்ற வண்டியையும் வைக்கோலையும் பார்த்தார்.

“என்னய்யா இது? நேத்து மத்தியானம் தந்தி அடிச்சா இன்னிக்கு மத்தியானம் வர்றீங்க? வைக்கோல் எதுக்கு?”

“அய்யா, முடியாதுன்னு போட்டிருந்தீகளே...”

“யார் சொன்னது? செய்தே ஆகணும்னு அடிச்சோம். நேத்து ராத்திரியே வந்திருந்தா முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம். இப்ப வீக்கம் தொடைக்கு ஏறிடுச்சு.” பிறகு கேட்டார். “தந்தியைப் படிச்சது யார்?”

மாமா என்னைக் காட்டினார். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கஞ்சி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா. அவர் இன்னொரு கேள்வி கேட்பதற்குள் நான் சொன்னேன்: “தந்தி ஆபீசுல ஒரு எழுத்து மாத்தி எழுதிட்டாங்க சார்.”

அவருக்கு என்னோடு நிற்க நேரம் இல்லை. மாமாவின் கட்டைவிரலில் மை தடவி அழுத்தி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தொடையின் பாதியோடு கால் போனது.

முழங்கால் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று படித்தவர்கள் கேட்கலாம். முழங்கால் இருந்தால் கட்டைக்கால் கட்டிக்கொண்டு ஏர் பிடிக்கலாம். பக்கத்து ஊரில் அப்படி ஒருவர் மாடு ஓட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர்கூட இறைத்தார். முழங்கால் போனால் இரண்டு கக்கத்திலும் கம்பு; கம்பைப் பிடித்த கையால் ஏரைப் பிடிக்க முடியாது. என் மச்சான் இருபத்தைந்து வயதில் நிலத்தை விட்டு விலகிக் கயிறு திரிக்க உட்கார்ந்தான்.

தந்திக் காகிதத்தை ஊர் திரும்பிய அன்று இரவே எங்கள் வீட்டு அடுப்பில் போட்டேன். ஒரு மாதம் கழித்து மாமா அதைக் கேட்டார்.

“அந்தக் காயிதம் எங்க மாப்ள? தந்தி ஆபீசுக்காரன் மேல ஒரு பெட்டிசன் எழுதணும். இம்புட்டுப் பெரிய தப்பப் பண்ணிட்டு அவம் பாட்டுக்கு சம்பளம் வாங்கிட்டு இருக்கான். இங்கிலீஷ்ல நல்லா உறைக்கிற மாதிரி எழுது.”

செய்யாத தப்புக்கு, முகம் தெரியாத ஒரு தந்தி குமாஸ்தா. பெட்டிசன் போனால் ஆபீசில் நகல் எடுத்துப் பார்ப்பார்கள். எழுத்து மாறவில்லை என்று தெரிந்துவிடும். அப்போது நான் மாமாவுக்குச் சொன்ன பதில்தான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த கேவலமான பிரசங்கம்.

“காயிதம் தொலஞ்சுபோச்சு மாமா. இருந்தாலும் என்ன? நடக்கணும்னு இருக்கறது நடந்தே தீரும். யாரும் தடுக்க முடியாது. இங்கிலீஷ்லயே இதுக்குன்னு ஒரு வார்த்தை வச்சிருக்கான். இனெவிட்டபிள்னு.”

மாமா வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டான் என்றால் அப்புறம் பேச்சென்ன? பெட்டிசன் நின்றது. தந்தியில் அந்தச் சொல் உண்மையாக வந்தபோது நான் பொய்யாகப் பொருள் சொன்னேன். பொய்க்காக நான் அதை எடுத்தபோது பொருள் எழுத்துப் பிசகாமல் சரியாக இருந்தது. அகராதியில் பொருள் பார்க்கத் தெரிந்துகொண்டேன். எங்கே பயன்படுத்துவது என்பதையும் தெரிந்துகொண்டேன். அந்த வருஷமே மதுரையில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்தது. தகுதியான ஆளுக்குத்தான் கொடுத்தார்கள்.

ஊர் ஒரு பழியாளைத் தேடியது. கிடைத்தவள் மச்சான் மனைவி. கல்யாண வீடு, சடங்கு வீடு, எங்கே நாலு பெண்கள் உட்கார்ந்தாலும் பேச்சு அங்கே வந்து நிற்கும். “கைநாட்டு வச்சிருந்தா காலு பாதியாவது மிஞ்சியிருக்கும். மாமா வரட்டும் மச்சான் வரட்டும்னு உக்காந்திருந்தா மகராசி.” நான் பந்தியில் இலைக்கு முன்னால் அதைக் கேட்டிருக்கிறேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

மாமா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அதில்தான் எனக்கு ஒரு பதக்கமும் சேர்த்துக் குத்திவிட்டார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார்: “எம் மருமகன் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னான், பஸ்ல போ மாமான்னு. நாந்தேன் கேக்கல. மாட்டப் பூட்டினேன். எம் மகன் கால நாந்தேன் வெட்டினேன்.” விடுமுறையில் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்பேன். எந்த வார்த்தையில் மறுப்பது? மறுக்கவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. உலகச் சண்டை நடந்த காலம். அந்தச் சொல்லுக்கு அப்போது நல்ல கிராக்கி. அரிசி கிடைக்காதது இனெவிட்டபிள், மண்ணெண்ணெய் கிடைக்காதது இனெவிட்டபிள். பதுக்கி வைத்திருந்தவர்களே அதைச் சொன்னார்கள். ஒருநாள் பரீட்சைத் தாள் திருத்தும்போது ஒரு விடையில், ‘இந்தப் பாறையைத் தூக்குவது இனெவிட்டபிள்’ என்று எழுதியிருந்தது. தூக்க முடியாது என்று சொல்ல வந்திருக்கிறான். வகுப்பில் அதை உரக்கப் படித்தேன். “முடியாத மட்டும் தெரியும் துரைக்கு, எது முடியாதுன்னு தெரியாது!” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மணி அடிக்கும் வரை கரும்பலகைப் பக்கமாகத் திரும்பியே நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மச்சான் வேப்பமரத்து நிழலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். மனைவி பக்கத்தில் நார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உருப்போட்ட ராகம், அகராதி, நாலு மணி, ஏழு மணி பஸ், அடுப்பு. அவன் திரிப்பதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு முடிச்சுப் போட்டுக் கயிற்றைக் கீழே வைத்தான்.

“என்ன வார்த்தை அது? இன்னொருக்கச் சொல்லு.”

“இனெவிட்டபிள்.”

“என்னைய விட்டபுள்ள,” என்றான். அப்படித்தான் அவன் காதில் விழுந்ததா, வேண்டுமென்றே சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. “சரியாத்தான்டா வச்சிருக்கான் வெள்ளக்காரன். என்னைய விட்ட புள்ள. நீதேன்.”

அவன் மனைவி நாரை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள். அதுவரை அவள் என்னிடம் உரக்கப் பேசியதில்லை.

“அண்ணே, ஊரே என்னையச் சொன்னுச்சு. பந்தியில ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக? எத்தன பந்தி? சாப்பாடு எறங்குச்சா ஒங்களுக்கு?”

“இறங்குச்சு,” என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் உள்ளே போய்விட்டாள். இறக்கும் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

“என்னட்டச் சொல்லி ஆகப்போறது ஒண்ணும் இல்ல,” என்றான் மச்சான். “காலு மொளைக்காது. அந்தா கெடக்காரு பாரு கட்டில்ல. பத்து வருசமா எந் தொடையப் பாத்துப் பாத்து அழுகிறாரு. அவருகிட்டப் போய்ச் சொல்லு. அவரு தலையில இருக்கறத எறக்கி வை. அம்புட்டுத்தேன் நான் கேக்கறது.”

மாமாவுக்கு அப்போது காது பாதிதான் கேட்கும். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். தந்தியில் தப்பில்லை, நான்தான் தப்பாகப் படித்தேன், தப்பு என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும், உங்கள் மேல் குற்றமே இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து மகனிடம் சொன்னார்:

“பாத்தியாடா எம் மருமகன? நான் வெசனப்படுறேன்னு பழியத் தான் தலையில போட்டுக்கிறான். பி.ஏ. படிச்ச புள்ள. அஞ்சு வார்த்தையத் தப்பாவா படிக்கும்?”

நான் மறுபடி சொன்னேன். அகராதியைப் பார்த்தேன் என்றேன். காகிதத்தை எரித்தேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்; பொய் சொல்கிற பிள்ளையைச் செல்லம் கொஞ்சுகிற சிரிப்பு. அவர் மனதில் அந்த இரண்டெழுத்தை நட்டவன் நான். பிடுங்கப் போனால் என் கைக்கு வரவில்லை. பட்டம் வாங்க நாலு வருஷம் ஆனது. அது வெறும் காகிதம் என்று ஒரு கிழவருக்கு நிரூபிக்க என்னால் ஆகவில்லை.

வெளியே வந்தேன். மச்சான் மறுபடி கயிற்றை எடுத்திருந்தான்.

“நம்பலயாக்கும்?”

“நம்பல.”

“அப்ப அடுத்த ஞாத்துக்கெழமையும் வா. வந்து சொல்லு. நம்புற வரைக்கும் வந்து சொல்லு. ஒனக்கு வேற என்ன சோலி?”

போனேன். வாரம் தவறாமல் போனேன் என்று எழுதக் கை வருகிறது, அது பொய். மாதத்தில் இரண்டு ஞாயிறு போனேன். மற்ற இரண்டு ஞாயிறும் ஏதாவதொரு தவிர்க்க முடியாத காரணம் இருந்தது. போனபோதெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து அதையே சொன்னேன். மச்சான் வாசலிலிருந்து, “என்னைய விட்டபுள்ள வந்தாச்சு, எந்திரிங்கப்பா!” என்று கூவுவான். மாமா எழுந்து உட்கார்ந்து கேட்பார். சில நாள் தூங்கிவிடுவார். ஒன்றரை வருஷம் இப்படி நடந்தது.

கடைசியாகப் போன ஞாயிறு அவருக்குப் பேச்சு குழறிக்கொண்டிருந்தது. நான் தொடங்கினேன்: “மாமா, அந்தத் தந்தியை நான்தான்...”

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“போதும் மாப்ள,” என்றார். “எனக்காக நீ இம்புட்டு நாளு பொய் சொன்னது போதும். காலு போனது என்னாலதேன். நீ வீட்டுக்குப் போ.”

புதன்கிழமை அவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தந்தி வந்தது. அதை நானே படித்துக்கொண்டேன்.